லைட்டை அணைத்தால் அழுகிறான்: ஐந்து வயதுப் பையனின் இருட்டுப் பயம்

வெண்ணாற்றங்கரை
நவம்பர் 9, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். பையன் இப்போதுதான் தூங்கினான். மூன்று வாரமாக இதே கதை. என்ன செய்வதென்று தெரியாமல் எழுதுகிறேன்.

அவனுக்கு ஐந்து வயது. ஜூன் வரை சென்னையில் இருந்தோம். அவர் வேலைக்குச் சிங்கப்பூர் போனதும் நானும் பையனும் நீடாமங்கலம் பக்கத்தில் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டோம். பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதைத் தாண்டிப் பின்தாழ்வாரம், கடைசியில் கொல்லை. பாத்ரூம் கொல்லையில் இருக்கிறது. தாழ்வாரக் கதவைத் திறந்து இருபது தப்படி நடக்க வேண்டும்.

பகலெல்லாம் கொல்லையில்தான் கிடப்பான். கன்றுக்குட்டிக்குப் புல் கொடுப்பான், வாழைக்கு விடுகிற தண்ணீரில் கப்பல் விடுவான். பொழுது சாய்ந்தால் ஆளே மாறிவிடுகிறான். நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுத்தான் படுக்கிறோம், அவன் நடுவில். தனியாகப் படு என்று யாரும் சொல்லவில்லை. அப்படியும் டியூப்லைட்டை அணைத்த அடுத்த நிமிடம் உடம்பு விறைத்து, என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு அழுகிறான். தினமும் தூங்க 11.30 ஆகிறது. காலையில் 6.30க்கு எழுப்பினால்தான் வேனைப் பிடிக்க முடியும். போன வாரம் இரண்டு நாள் பாயை நனைத்துவிட்டான். மூன்று வயதோடு நின்றுபோன பழக்கம் அது.

மாமியார் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக்கொண்டு வந்தார். மூன்று நாள் நன்றாகத் தூங்கினான், அப்புறம் பழையபடிதான். மச்சாண்டார், "ஆம்பளைப் புள்ளையை இப்படி வளர்த்தா எப்படி? ஒரு நாள் இருட்டு ரூம்ல விட்டுக் கதவைச் சாத்து, தானா சரியாயிடும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


மன்னை அப்பா
நவம்பர் 10, காலை 6.15

உங்கள் மச்சாண்டார் சொல்வதில் தப்பில்லை என்பது என் கருத்து. என் அப்பா என்னை அப்படித்தான் வளர்த்தார். ராத்திரி எட்டு மணிக்குப் பம்புசெட்டு நிறுத்த வயலுக்கு என்னைத் தனியாக அனுப்புவார். முதல் நாள் அழுதேன், நாலாம் நாள் பழகிவிட்டது. நாம் பக்கத்திலேயே உட்கார்ந்து தடவிக் கொடுத்தால் பயம் வளரத்தான் செய்யும்.


ஆடுதுறைக்காரி
நவம்பர் 10, பகல் 1.05

தங்கை, தயவுசெய்து கதவைச் சாத்தாதீர்கள். எனக்கு ஆறு வயதில் அது நடந்திருக்கிறது.

இதே மாதிரி அழுகிறேன் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைப் பத்தாயம் இருந்த அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். கால் மணி நேரம் இருந்திருக்கலாம். நெல் தூசி மூக்கில் ஏறிய வாசனையும், பத்தாயத்துக்கு அடியில் எலி பிறாண்டிய சத்தமும் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அழுகையை நிறுத்தினேன், அது உண்மை. கதவைத் தட்டித் தட்டி, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு நிறுத்தினேன். வெளியே இருந்தவர்கள் பயம் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது எனக்கு 38 வயது. வீட்டில் தனியாக இருக்கும் ராத்திரி கூடத்து லைட்டை நான் அணைப்பதில்லை. அந்தப் பெரியவர் மேல் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம் என்று நம்பினார்கள். இப்போது நமக்குத் தெரியும், செய்யாமல் இருக்கலாம்.

மன்னை அண்ணன் சொன்னது வேறு. உங்கள் அப்பா உங்களிடம் ஒரு வேலை கொடுத்து அனுப்பினார், வேலை முடிந்ததும் நீங்கள் திரும்பி வந்துவிடலாம். பூட்டிய அறையிலிருந்து வர முடியாது.


வார்டு செவிலி, தஞ்சாவூர்
நவம்பர் 10, இரவு 9.30

நான் குழந்தைகள் வார்டில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இந்த வயதில் இது சகஜம். இரண்டு மூன்று வயதிலிருந்து கற்பனை வளர ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியாததை மனசில் உருவாக்கத் தெரிந்துவிடுகிறது, ஆனால் அது நிஜமா இல்லையா என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் இன்னும் வரவில்லை. உங்கள் பையனுக்கு ஊர் மாறியிருக்கிறது, வீடு மாறியிருக்கிறது, அப்பா பக்கத்தில் இல்லை. மூன்றும் ஒரே சமயத்தில்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். நீங்கள் சொன்ன கணக்குப்படி ராத்திரி ஏழு மணி நேரம்தான் வருகிறது. தூக்கம் குறைந்த குழந்தைக்கு மறுநாள் பயமும் அழுகையும் கூடத்தான் செய்யும். அதனால் பழக்கத்தை முன்னால் தள்ளுங்கள். ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்குப் பாய். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து செல்போனும் டிவியும் வேண்டாம். பேய் வருகிற சீரியல் வீட்டில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளை டியூப்லைட்டில் படுக்க வைக்காதீர்கள். அந்த வெளிச்சம் தூக்கம் வரவைக்கும் சுரப்பைத் தள்ளிப்போடும். அதற்காக ஒரேயடியாகக் கும்மிருட்டும் வேண்டாம். மங்கலான ஆரஞ்சோ சிவப்போ நிறத்தில் ஒரு சின்ன பல்பு போதும், அதையும் அவன் கண்ணில் நேராகப் படாத இடத்தில் மாட்டுங்கள்.

பாயை நனைப்பதை அசட்டையாக விடாதீர்கள். நின்ற பழக்கம் திரும்ப வந்தால் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும். கிருமித் தொற்று இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கொல்லைக்குப் போகப் பயந்து அடக்கிக்கொள்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதுவானாலும் அதற்காகத் திட்டவே கூடாது.

இப்போது ஒரு கேள்வி. அழும்போது அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான்? இன்னொன்று, தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் திறந்தபடியே அலறி, காலையில் ஒன்றும் நினைவில்லை என்கிறானா? அப்படியென்றால் அது வேறு. ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. எழுப்பக் கூடாது, அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும், தானாக அடங்கிவிடும். கெட்ட கனவு என்றால் விடியற்காலைப் பக்கம் வரும், எழுந்து அழுவான், கனவைச் சொல்லவும் செய்வான்.


வெண்ணாற்றங்கரை
நவம்பர் 10, இரவு 11.55

ரொம்ப நன்றி அக்கா. தூங்கிய பிறகு அலறுவதில்லை. தூங்குவதற்கு முன்புதான் எல்லாம்.

நீங்கள் கேட்ட பிறகு இன்றைக்குக் கவனித்துப் பார்த்தேன். வாசல் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. தாழ்வாரக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று மூன்று முறை கேட்டான். நான் எழுந்துபோய் ஆட்டிக் காட்டினேன். இத்தனை நாள் இருட்டுக்குப் பயம் என்று மொத்தமாக நினைத்துக்கொண்டிருந்தேன், ரேழியில் இருக்கிற இருட்டு அவனை ஒன்றும் செய்யவில்லை.


பாபநாசம் பால்வாடி
நவம்பர் 11, மாலை 4.20

கதவு என்று தெரிந்துவிட்டது, பாதி வேலை முடிந்தது. மீதியை அவன்தான் சொல்ல வேண்டும். ராத்திரியில் கேட்காதீர்கள். பகலில், வயிறு நிறைந்திருக்கும்போது, ஒரு பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்து, "தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் ராத்திரி என்னப்பா இருக்கு, வரைஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது வரையுங்கள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வாய் திறக்க மாட்டார்கள்.

என் மையத்தில் ஒரு பாப்பா சாக்குப்பைக்காரன் வரைந்தாள். சாப்பிடவில்லையென்றால் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். பழைய சாக்கு வாங்க வருகிற பாவப்பட்ட மனிதர் அவர், அவரைப் பார்த்தாலே அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். சோறு ஊட்டுவதற்காக பூச்சாண்டி, மூணு கண்ணன் என்று நாம் பகலில் கடன் வாங்குகிறோம், ராத்திரி குழந்தைதான் அதை அடைக்கிறது. அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.


குடந்தை ஓய்வாசிரியர்
நவம்பர் 11, இரவு 8.10

நான் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரப்பிள்ளைகளோடு விளையாடுகிற ஒரு விளையாட்டைச் சொல்கிறேன் அம்மா.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கண்மணி சில விநாடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்றே இருக்கிற செல்கள் முழுசாக வேலைக்கு வர இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். குழந்தை எப்போது அலறுகிறது? முதல் நிமிடத்தில். நாம் உடனே லைட்டைப் போட்டுவிடுகிறோம். மறுபடி அணைக்கிறோம், மறுபடி கண் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதாவது உங்கள் பையன் இதுவரை பார்த்தது இருட்டின் முதல் நிமிடத்தை மட்டும்தான். கண் பழகிய பிறகு அதே முற்றம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் தூங்குகிற நேரத்தில் இல்லாமல், ஏழு மணிக்கு, மழை இல்லாத ஒரு நாளில் முற்றத்து ஓரம் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் ஒரு கண்ணாடியில் அவன் கண்மணியைக் காட்டுங்கள். டார்ச்சைச் சுவரில் அடித்தால் அது சுருங்குவதும், நகர்த்தினால் விரிவதும் அவனுக்கே தெரியும். அப்புறம் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, "எது முதல்ல தெரியுது சொல்லு" என்று கேளுங்கள். முதலில் வானம் தெரியும். அடுத்து ஓட்டு விளிம்பு. அப்புறம் துளசி மாடம், அண்டா, கொடியில் காய்கிற துணி. ஒவ்வொன்றாக வரும். வருவதை அவன் எண்ணட்டும். போனை மட்டும் எடுக்காதீர்கள், ஒருமுறை பார்த்தால் பழகிய கண் போய்விடும். முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். போதும் என்று அவன் சொன்னதும் லைட்டைப் போட்டுவிட வேண்டும்.


பேராவூரணித் தோப்பு
நவம்பர் 12, காலை 10.45

எங்கள் கதை கொஞ்சம் வேறு மாதிரி, ஆனாலும் உதவும் என்று எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது என் மகளுக்கு நாலு வயது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த காற்று எங்கள் பக்கத்துத் தோப்புகளை எல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனது. ராத்திரி முழுக்கத் தென்னை ஒடிகிற சத்தம். ஓடு பறந்தது. பிள்ளையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாங்கள் மேலே குனிந்து கிடந்தோம். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கரண்ட் இல்லை.

இருட்டுக்குப் பயப்படுவாள் என்று நினைத்தோம். பயப்படவில்லை. ஊரே இருட்டில் இருந்தது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே அரிக்கேன் விளக்கைச் சுற்றிச் சாப்பிட்டார்கள். அவளுக்குப் பயம் சத்தத்தின் மேல்தான். ஒரு மட்டை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

என் அம்மா ஒரு காரியம் செய்தார். படுத்தபடியே, "இது யாரு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பார். சட்டென்று ஒற்றையாக விழுந்தால் மட்டை. ஓட்டு மேல் உருட்டிக்கொண்டு ஓடினால் மரநாய். விட்டுவிட்டுச் சப்புக்கொட்டினால் பல்லி. தூரத்தில் ஒரே சீராக இரைந்தால் ஜெனரேட்டர். விடிகாலையில் குடுகுடுவென்றால் குடுகுடுப்பைக்காரர், அவருக்கும் பிள்ளைகள் உண்டு, அவரும் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். ஒரு வாரத்தில் அவளே எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். பெயர் தெரிந்த சத்தத்துக்கு அவள் எழுந்திருக்கவில்லை. இப்போது பதினொரு வயது. பலத்த காற்று என்றால் மட்டும் இன்னும் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வாள். படுத்துக்கொள்ளட்டும்.

சென்னைப் பிளாட்டில் வளர்ந்த பையனுக்கு உங்கள் கொல்லைச் சத்தம் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது என்பதை நினைத்துப் பாருங்கள்.


வெண்ணாற்றங்கரை
நவம்பர் 15, இரவு 10.50

பால்வாடி அக்கா சொன்ன மாதிரி வரையச் சொன்னேன். வரைந்ததைப் பார்த்துக் கை நடுங்கிவிட்டது.

கதவு, கதவுக்குப் பின்னால் வாழை மரம், அதற்கு நடுவே பெரிய வாயோடு ஒரு ஆள். வாய்க்குள் சின்னச் சின்னதாக ஐந்தாறு பிள்ளைகள். "யாருப்பா இது?" என்றேன். "புழக்கடை முனி" என்றான்.

இந்த வார்த்தை இவனுக்கு எப்படித் தெரியும் என்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மாமியார் தினமும் விளக்கு வைத்ததும் கந்த சஷ்டி கவசம் சொல்வார். அதில் பிள்ளைகளைத் தின்கிற புழக்கடை முனி என்று ஒரு அடி வரும். நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், ஒருநாளும் அந்த வார்த்தையில் நின்றதில்லை. இவன் நின்றிருக்கிறான். புழக்கடை என்றால் என்ன என்று மச்சாண்டார் மகனிடம் கேட்டிருக்கிறான். "நம்ம கொல்லைதான்டா" என்று அவன் சொல்லிவிட்டான். ஐப்பசியில் சஷ்டிக்கு ஆறு நாளும் வீட்டில் காலை மாலை கவசம். இவன் அழ ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

பாவம், இத்தனை நாளாக மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். பாத்ரூம் இருப்பதும் அங்கேதான்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? கவசத்தை நிறுத்தச் சொன்னால் மனசு உடைந்துபோவார்.


வலங்கைமான்
நவம்பர் 15, இரவு 11.10

நிறுத்தவே வேண்டாம் அக்கா. படத்தை அப்படியே அத்தையிடம் காட்டுங்கள். வேறு ஒன்றும் சொல்லாதீர்கள்.


வெண்ணாற்றங்கரை
நவம்பர் 17, இரவு 9.50

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "தம்பி, நீ பாதிதான் கேட்டிருக்கே. மீதியை அப்பாயி சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தார்.

எனக்கும் இது தோன்றவே இல்லை. கவசத்தில் அந்த முனி, பேய் எல்லாம் வரிசையாக வந்த பிறகு, அவை எல்லாம் அடியாரைக் கண்டு அலறிக் கலங்கும், என் பெயரைச் சொன்னாலே இடி விழுந்த மாதிரி ஓடும் என்று வருகிறது. முருகன் பெயர் இல்லை, சொல்கிறவன் பெயர். "யாரு சொல்றாங்களோ அவங்க பேரு. நீ சொன்னா உன் பேரு" என்றார். பையன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "என் பேருக்கா?" என்று இரண்டு முறை கேட்டான்.

நேற்றுச் சாயங்காலம் நாங்கள் மூவரும் தாழ்வாரக் கதவைத் திறந்து நின்றோம். அவன் தன் பெயரை இனிஷியலோடு சத்தமாகச் சொன்னான். கன்றுக்குட்டி பதிலுக்குக் கத்தியது.


குடந்தை ஓய்வாசிரியர்
நவம்பர் 18, காலை 7.30

மனசு நிறைந்துவிட்டது அம்மா. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஓடிப்போனது என்று சொன்னால் இருந்தது என்று ஆகிவிடும். நாளைக்குத் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்பான். கொல்லையில் அப்படி ஒன்று இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுவதே நல்லது.


வார்டு செவிலி, தஞ்சாவூர்
நவம்பர் 18, இரவு 10.05

சார் சொல்வது சரி. கேட்டால், "எனக்குத் தெரிஞ்சு கொல்லையில கன்னுக்குட்டியும் வாழையும்தான் இருக்கு" என்று உண்மையைச் சொல்லுங்கள். தினமும் டார்ச் எடுத்துக்கொண்டு முனியைத் தேடப் போகாதீர்கள், தேடினால் தேட வேண்டிய ஒன்று இருக்கிறது என்று ஆகிவிடும். ஆனால் அப்பாயி செய்ததைக் குறைத்து நினைக்க மாட்டேன். அதுவரை அவன் பயந்து ஒளிகிறவனாக இருந்தான். அவர் அவன் கையில் ஒரு காரியத்தைக் கொடுத்திருக்கிறார்.

இதே வழியில் இன்னொன்று. இஸ்ரேலில் 2006 போரின்போது பயந்துபோயிருந்த சின்னப் பிள்ளைகளிடம் சோக முகம் கொண்ட ஒரு நாய்க்குட்டிப் பொம்மையைக் கொடுத்து, "இது பயந்து போயிருக்கு, நீதான் பார்த்துக்கணும்" என்று சொன்னார்கள். பொம்மையை ஆசையாகப் பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்குப் பயம் நன்றாகவே குறைந்தது. உங்கள் பையனிடமும் ஏதாவது ஒன்றை ஒப்படைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் குறையாமல், பள்ளிக்கூடம், சாப்பாடு என்று பகலையும் பாதித்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கடையில் கேட்டுத் தூக்க மருந்து, சளி மருந்து கொடுத்துத் தூங்க வைப்பது மட்டும் கூடவே கூடாது.


மன்னை அப்பா
நவம்பர் 19, காலை 6.00

ஆடுதுறைத் தங்கச்சி எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். நான் வயலுக்குப் போன ராத்திரிகளை நினைத்துப் பார்த்தேன். வரப்பில் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் வாசலில் அப்பாவின் பீடி நெருப்பு தெரியும். நான் வருகிற வரைக்கும் உள்ளே போகாமல் அங்கேயே நின்றிருப்பார். அதை நான் எழுத மறந்துவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


வெண்ணாற்றங்கரை
டிசம்பர் 6, இரவு 9.40

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நடுவில் விடாத மழை, வயலில் தண்ணீர் நின்று வீட்டில் எல்லாருக்கும் அதே கவலை.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பதினைந்து நாளாகப் பாய் நனையவில்லை. இப்போது மணி 9.40, அவன் தூங்கி முக்கால் மணி நேரம் ஆகிறது. டியூப்லைட் இல்லை, மூலையில் ஆரஞ்சு பல்பு. கன்றுக்குட்டிக்கு ராத்திரி பயமாக இருக்கும், நீதான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்படைத்தோம். படுப்பதற்கு முன் தாழ்வாரத்தில் நின்று, "தூங்கு, நான் இங்கதான் இருக்கேன்" என்று அதற்குச் சொல்லிவிட்டு வருவான். நான் அவனுக்குச் சொல்கிற அதே வார்த்தை. அவன் அப்பா எட்டு மணிக்குப் பேசுவார், அங்கே பத்தரை. அவரிடமும் "அப்பா, அங்க இருட்டாயிடுச்சா? கண் பழகினதும் தெரியும்" என்று தைரியம் சொல்கிறான்.

போன புதன்கிழமை கார்த்திகை. எங்கள் வீட்டில் மாடம், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை எல்லாவற்றுக்கும் அகல் வைப்போம். மறுநாள் குப்பைக் கார்த்திகைக்கு எருக்குழியில் வைக்க வேண்டும். அது கொல்லையின் கடைசி, வாழைக்கும் அப்பால். யார் வைப்பது என்று மாமியார் சும்மாதான் கேட்டார். "நான்" என்றான்.

அகலை ஒரு கையில் பிடித்து, மறு கையால் சுடரை மறைத்துக்கொண்டு நடந்தான். உள்ளங்கை ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. நான் இரண்டடி பின்னால். வாழையைத் தாண்டும்போது காற்றடித்து விளக்கு அணைந்துவிட்டது. என் மனசு பதறியது, டார்ச்சைத் தேடினேன். அவன் புடவையை இழுத்து, "போடாதம்மா, கண் பழகட்டும்" என்றான். நின்றோம். கொட்டகைக் கூரை தெரிந்தது, அப்புறம் எருக்குழி மேடு. அப்படியே போய் வைத்துவிட்டுத் தீப்பெட்டி கேட்டான்.

முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி எழுந்தால் என்னை எழுப்பித்தான் கூட்டிப்போகிறான். தாழ்வாரக் கதவைத் திறக்கும்போது கை இறுகும். ஆனால் வாய்விட்டுச் சொல்கிறான், அடக்கிக்கொண்டு படுப்பதில்லை. மச்சாண்டாரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை, பாத்ரூம் வாசலில் ஒரு லைட் போட எலக்ட்ரீசியனுக்குச் சொல்லியிருக்கிறார்.

எல்லாருக்கும் நன்றி. ஆடுதுறை அக்காவுக்குத் தனியாக.


வலங்கைமான்
டிசம்பர் 7, காலை 8.20

ரொம்ப சந்தோஷம் அக்கா. என் பாப்பாவுக்கு மூன்று வயது, போன வாரம் ஆரம்பித்திருக்கிறாள். அந்த ஆரஞ்சு பல்பு எது? கொஞ்சம் சொல்லுங்கள்.


வெண்ணாற்றங்கரை
டிசம்பர் 7, காலை 8.45

எலக்ட்ரிக் கடையில் ஜீரோ வாட் பல்பு என்று கேளுங்கள். பழைய குண்டு மாடல் வேண்டாம், அது பெயருக்குத்தான் ஜீரோ, பத்துப் பன்னிரண்டு வாட் இழுக்கும், சூடாகும். எல்இடியில் அரை வாட்டுக்குக் கிடைக்கிறது. பச்சையும் நீலமும்தான் எடுத்துக் கொடுப்பார்கள், ஆரஞ்சு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அதை மாட்டுவதற்கு முன்னால் பாப்பா எந்தக் கதவைப் பார்க்கிறாள் என்று பாருங்கள்.